‘இவ்விடம் நலம்’ என்று பிரான்சிலிருந்து எழுதிய சிப்பாய்கள்

கேள்வி இதுதான்: முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன நம் நாட்டுச் சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றனவா? அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம்? தணிக்கை இருந்ததால் பயந்து பயந்து பொய்தானே எழுதியிருப்பார்கள் என்ற சந்தேகத்தையும் கேட்டவர் சேர்த்திருக்கிறார்.

கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. தணிக்கை இருந்ததால்தான் மிஞ்சியிருக்கின்றன. பஞ்சாபிலும் இமயமலைப் பக்கத்துக் கட்வாலிலும் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த அசல் கடிதங்களில் பெரும்பகுதி கரையானுக்கும் அடுப்புக்கும் போய்விட்டது. தணிக்கை அதிகாரி தன் அறிக்கைக்காக எடுத்து மொழிபெயர்த்து வைத்த பகுதிகள் மட்டும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஒரு மகன் அம்மாவுக்குச் சொன்னது அம்மாவின் வீட்டில் இல்லை, சர்க்கார் கோப்பில் இருக்கிறது. இந்தக் கடிதங்களைப் படிக்கும் போதெல்லாம் எனக்கு முதலில் தொண்டையை அடைப்பது இதுதான்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1914 ஆகஸ்டில் போர் மூண்டது. செப்டம்பர் 26-ம் தேதி முதல் இந்தியப் படைகள் மார்சேய் துறைமுகத்தில் இறங்க ஆரம்பித்தன. லாகூர் டிவிஷன், மீரட் டிவிஷன் என்று இரண்டு காலாட்படைப் பிரிவுகள், அப்புறம் குதிரைப்படை. பஞ்சாபி முஸ்லிம்கள், சீக்கியர்கள், பட்டாணியர், டோக்ராக்கள், கட்வாலிகள், கூர்க்காக்கள். பலர் இருபதைத் தாண்டியும் தாண்டாத பையன்கள். மாதச் சம்பளம் 11 ரூபாய். வெயில் நாட்டுக்கென்று தைத்த மெல்லிய காக்கி உடையோடு வந்தவர்களை அக்டோபர் கடைசிக்குள் பெல்ஜியத்தின் ஈப்ர் ஊரை ஒட்டிய சேற்றில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்த முதல் குளிர்காலத்தில் குண்டோடு சேர்ந்து பனியும் ஆளைக் கொன்றது.

தணிக்கை தொடங்கிய காரணம் சிப்பாய்களின் கடிதங்களே அல்ல. வெளிநாட்டு இந்தியர்கள் பிரிட்டிஷ் ஆட்சியைக் கவிழ்க்க நடத்திய ‘கதர்’ (Ghadar) புரட்சிக் கட்சியின் பிரசுரங்கள் தபாலில் வந்து படைக்குள் புகுந்துவிடும் என்ற பயம்தான். அதற்காக ஹவல் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியைப் போட்டார்கள். முதலில் பிரான்சின் ரூவான் நகரத்திலும் பிறகு பூலோனிலும் அவருடைய அலுவலகம் இருந்தது. உள்ளே வரும் கடிதங்களைப் பார்க்கத் தொடங்கியவர்கள் சீக்கிரமே வெளியே போகும் கடிதங்களையும் பார்த்தார்கள். 1915 மார்ச் வாக்கில் இந்தியச் சிப்பாய்கள் வாரத்துக்குப் பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் கடிதங்கள் வரை எழுதிக்கொண்டிருந்தார்கள். உருது, குருமுகி, இந்தி, பஷ்தோ, கூர்க்காலி, மராட்டி என்று பல மொழிகள், பல எழுத்துகள். ஒரு சின்ன அலுவலகத்தால் அத்தனையையும் படிக்க முடியாது. எடுத்துப் படித்ததில் முக்கியமானதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, வாராவாரம் ஓர் அறிக்கையோடு மேலே அனுப்பினார்கள். பெரும்பாலான கடிதங்களைப் போக விட்டார்கள். சிலவற்றில் வரிகளை அடித்தார்கள், சிலவற்றை நிறுத்தி வைத்தார்கள்.

இப்போது நம்பிக்கை விஷயத்துக்கு வருவோம். ‘உண்மையா, பொய்யா’ என்று இரண்டாகப் பிரித்தால் இந்தக் கடிதங்கள் கையில் அகப்படாது. அது யார் யார் காதில் விழப்போகும் கடிதம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

நம் ஊர்ப் பழைய கடிதங்களை நினைத்துப் பாருங்கள். ‘இவ்விடம் யாவரும் சேமம், அவ்விடம் சேமத்துக்கு எழுதவும்’ என்று ஆரம்பிக்கும். எழுதுகிறவர் படுத்த படுக்கையாய் இருந்தாலும் முதல் வரி அதுதான். மூலையில் மஞ்சள் தடவியிருந்தால் நல்ல செய்தி என்று உறையைப் பிரிப்பதற்கு முன்பே வீட்டுக்குத் தெரிந்துவிடும். எழுத்துக்கு வெளியேயும் கடிதம் பேசும் என்பது நமக்குப் புதிதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத வீட்டுக்கு வந்த கடிதத்தைத் தபால்காரரோ வாத்தியாரோ திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். கேட்கிறவர்களில் பாதிப் பேர் அக்கம்பக்கத்தார். அந்தத் திண்ணையை மனதில் வைத்துக்கொண்டுதான் பிரான்சிலிருந்து வந்த இந்தக் கடிதங்களைப் படிக்க வேண்டும்.

ஏனென்றால் அந்தச் சிப்பாய்களில் பெரும்பாலோருக்கு எழுதத் தெரியாது. படைப்பிரிவில் எழுத்தறிந்த ஒருவரிடமோ, ஆஸ்பத்திரியில் ஒரு குமாஸ்தாவிடமோ உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். சொல்கிறவன் பஞ்சாபியில் சொல்வான், எழுதுகிறவர் உருதுவில் எழுதுவார், தனக்குத் தெரிந்த மங்கல வாசகங்களையும் சேர்த்துக்கொள்வார். பிறகு படைப்பிரிவின் அதிகாரி பார்ப்பார், அதற்குமேல் பூலோன் அலுவலகம். ஊர் போய்ச் சேர்ந்தால் அங்கே படிக்கத் தெரிந்த ஒருவர் எல்லார் முன்னிலையிலும் படிப்பார். நம் கையில் இன்று இருப்பது இத்தனை வாய்களும் கைகளும் கடந்து வந்ததன் ஆங்கில வடிவம். அதனால் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ எழுதியதுதான் மிகுதி. மனைவிக்கு ஒரு வார்த்தை அந்தரங்கமாகச் சொல்ல அந்தப் பையனுக்கு வழியே கிடையாது. அந்தக் கடிதங்களில் காதல் இல்லையே என்று சிலர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அது அநியாயமான குறை. மூன்றாம் மனிதரிடம் சொல்லி எழுதச்செய்து, நாலாம் மனிதர் ஊர் கேட்கப் படிக்கப்போகும் காகிதத்தில் எந்த வாலிபன் காதலை வைப்பான்?

இத்தனை தடைக்கும் நடுவே அவர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்கள். எப்படி என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

நம் இலக்கணத்தில் குழூஉக்குறி என்று ஒன்று உண்டு, ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் விளங்கும்படி ஒன்றுக்கு வேறு பெயர் வைத்துப் பேசுவது. 1915-ல் போன கடிதங்களில் திடீரென்று மளிகைச் சாமான் வருகிறது. கறுப்பு மிளகு தீர்ந்துவிட்டது, இப்போது சிவப்பைப் போடுகிறார்கள், ஆனாலும் அவ்வப்போது கறுப்பு வேண்டியிருக்கிறது, கறுப்புக்குத்தான் காரம் அதிகம், சிவப்புக்கு அவ்வளவு போதாது என்ற பொருளில் ஒருவர் எழுதுகிறார். கறுப்பு இந்தியச் சிப்பாய், சிவப்பு வெள்ளைக்காரச் சிப்பாய். இந்தியில் மிளகும் ‘மிர்ச்’தான், மிளகாயும் ‘மிர்ச்’தான், நிறம் மட்டும்தான் வேறு. அதனால் இந்த ஜோடி அவர்கள் வாயில் இயல்பாக விழுந்திருக்கிறது. தமிழிலும் மிளகாய் என்ற சொல்லுக்குள்ளேயே மிளகு ஒளிந்திருக்கிறது, அதனால் நமக்கும் ஒட்டிக்கொள்கிறது. நம் ஆட்கள் ஏறக்குறைய முடிந்துவிட்டார்கள், இன்னும் ஆள் எடுப்பார்கள், தம்பியை அனுப்பாதீர்கள் என்பதை மிளகுக் கணக்கில் சொல்லியாயிற்று. ஹவலுக்கு இது புரியாமல் இல்லை. இப்படி மறைத்துப் பேசுகிறவர்களிடமிருந்து செய்தி போகாமல் தடுப்பது எந்தத் தணிக்கையாலும் ஆகாத காரியம் என்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மறைக்காமல் எழுதியவர்களும் உண்டு. காயம்பட்ட ஒருவர் 1915 ஜனவரியில் உறவினருக்கு எழுதியது உலகமெங்கும் எடுத்தாளப்படுகிறது: இதை யுத்தம் என்று நினைத்துவிடாதே, இது உலகம் முடிகிற நேரம், நம் முன்னோர் பாரதப் போர் என்று சொன்னார்களே அதைப் போன்றது என்று எழுதினார். பஞ்சாபிலோ கட்வாலிலோ ஒரு முற்றத்தில் இதைப் படித்துக் கேட்டவர்களுக்குப் பீரங்கி தெரியாது, பதுங்குகுழி தெரியாது. பதினெட்டு நாள் போரும், கடைசியில் மிஞ்சியவர்கள் எத்தனை பேர் என்பதும் நன்றாகத் தெரியும். அவர்களுக்கு எவ்வளவு சொல்ல வேண்டுமோ அவ்வளவையும் அந்த ஒரு பெயர் சொல்லிவிட்டது. இன்னொருவர் மரத்திலிருந்து இலை உதிர்ந்து தரை தெரியாமல் மூடிக் கிடப்பதைப் போல இங்கே மனிதர்கள் கிடக்கிறார்கள் என்று எழுதினார்.

எல்லாவற்றிலும் என்னை உலுக்கியது 1915 மே மாதம் ஒரு ஹவில்தார், இந்தியாவிலிருந்த தன் நண்பரான ஒரு நாயக்குக்கு (ஹவில்தாருக்குக் கீழ்ப் பதவி) எழுதியது. கடவுள் பேரால் சொல்கிறேன், ஐரோப்பாவில் நடக்கும் இந்தப் போருக்கு வராதே என்கிறார். வராதே என்ற சொல்லை ஒருமுறை சொல்லி நிறுத்தவில்லை, மூன்று முறை சொல்கிறார். என் தம்பியிடம் படையில் சேர வேண்டாம் என்று சொல், உனக்குச் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவர்களையும் விடாதே என்கிறார். ஆவணி மாத மழையைப் போல இரவு பகலாகக் குண்டு கொட்டுகிறது, இதுவரை தப்பியவர்கள் பானையில் வேகாமல் ஒதுங்கிக் கிடக்கும் சில பருக்கைகளைப் போன்றவர்கள் என்கிறார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று வளர்ந்த நமக்கு இந்த உவமை சுருக்கென்று தைக்கும். இங்கே வெந்தது மனிதர்கள், வேகாத ஒன்றிரண்டு பருக்கையில் எழுதுகிறவரும் ஒருவர்.

இவ்வளவு வெளிப்படையாக அவரால் எப்படி எழுத முடிந்தது? அதையும் அவரே சொல்கிறார். சம்பளக் கணக்கு பார்க்கும் ஹவில்தார் அவர், கம்பெனிக் கடிதங்களை அதிகாரிக்குப் படித்துக் காட்டும் வேலையும் அவருடையது. அதனால்தான் இத்தனை எழுதுகிறேன், இல்லாவிட்டால் இதைப் பற்றி எழுதக் கடுமையான தடை இருக்கிறது என்கிறார். தன் கடிதத்தை அந்த அதிகாரிக்கு எப்படிப் படித்துக் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அதற்குமேல் பூலோனில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் இது அகப்பட்டதால்தான் இன்று நாம் படிக்கிறோம்.

ஹவலின் அறிக்கையில் இன்னொரு குறிப்பும் இருக்கிறது, ரொம்ப நாள் என் மனதை விட்டுப் போகாத குறிப்பு. 1915 தொடக்கத்தில் சிப்பாய்களில் பலர் கடிதத்தில் பாட்டுக் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள், இது மனக்கலக்கத்துக்கான கெட்ட அறிகுறி என்று கருதுகிறேன் என்று அவர் எழுதினார். ஒப்பாரி வைத்துத் துக்கத்தை இறக்கி வைக்கும் ஊர்க்காரனுக்கு அவர் சொல்வது உடனே விளங்கும். சாதாரண வார்த்தைக்குள் அடங்காததை மனிதன் பாட்டில் போடுகிறான். அந்த அதிகாரி பேரரசின் ஆள், அவர் வேலை வேவு பார்ப்பது. ஆனாலும் படித்ததை மனம் வைத்துப் படித்திருக்கிறார். இதையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

இனி ஆஸ்பத்திரிக் கடிதங்கள். காயம்பட்டவர்களை இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரைட்டனுக்கும் கொண்டுபோனார்கள். அங்கே ராயல் பெவிலியன் என்று கும்மட்டங்களும் மினார்களுமாக, பார்த்தால் நம் நாட்டு அரண்மனை போலவே ஒரு கட்டடம். 1914 டிசம்பரில் அது இந்தியருக்கான ஆஸ்பத்திரி ஆனது. சாதிக்கும் மதத்துக்கும் ஏற்ப ஒன்பது சமையல்கட்டுகள், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குடிநீர்க் குழாய்கள். பூமியில் சொர்க்கம் ஒன்று இருந்தால் அது இதுதான் என்ற பாரசீக ஈரடியை, டில்லி செங்கோட்டையில் பொறித்திருக்கும் அதே வரியை, சிலர் இந்த ஊருக்குச் சூட்டி எழுதினார்கள். அரசர் தம் சொந்த அரண்மனையையே எங்களுக்குக் காலி செய்து கொடுத்துவிட்டார் என்றும் எழுதினார்கள். உண்மையில் அந்தக் கட்டடம் 1850 முதலே பிரைட்டன் நகரத்தின் சொத்து. அரசர் கொடுத்தார் என்பது சர்க்கார் பரப்பிய கதை. சிப்பாய் பொய் எழுதவில்லை, தனக்குச் சொல்லப்பட்டதை நம்பி எழுதினான். அதனால்தான் உண்மை, பொய் என்ற இரண்டு டப்பாவும் போதாது என்கிறேன்.

அதே ஊரில் கிச்சனர் ஆஸ்பத்திரி என்று இன்னொன்று. சுற்றிலும் முள்கம்பி, காவல், வெளியே போகத் தடை. அங்கிருந்து வந்த கடிதங்களில் இதை ஆஸ்பத்திரி என்று சொல்வதா, ஜெயில் என்று சொல்வதா என்ற குமுறல்தான் இருக்கிறது. எல்லாரையும் உடைத்துப் போட்டது வேறு ஒரு விஷயம். காயம் ஆறியதும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நம்பினார்கள். திரும்பவும் அதே பதுங்குகுழிக்கு அனுப்பினார்கள். ஒருமுறை உயிரைக் கொடுக்கத் துணிந்தோம், அதே உயிரை எத்தனை முறை கேட்பீர்கள் என்ற கேள்வி அந்தக் கடிதங்களுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பதக்கம் வாங்கியவர் என்ன எழுதினார்? ஜமேதார் மீர் தஸ்த், 1915 ஏப்ரல் 26-ம் தேதி ஈப்ர் அருகே நச்சுவாயு பரவிய களத்தில் எட்டு அதிகாரிகளைத் தூக்கி வந்து காப்பாற்ற உதவியவர். அதற்காக பிரிட்டிஷ் படையின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. ஆகஸ்டில் பெவிலியன் புல்வெளியில் ஐந்தாம் ஜார்ஜ் அரசரே அதைக் குத்திவிட்டார். இரண்டொரு நாளில் அவர் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதம் கோப்பில் இருக்கிறது. விக்டோரியா கிராஸ் நல்ல பொருள்தான், ஆனால் இந்த வாயு எனக்கு ஓய்வே தரவில்லை, என்னை முடித்துவிட்டது என்ற பொருளில் இருக்கிறது. பத்திரிகையில் வந்த படத்தையும் இந்த வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எல்லாமே துயரம் என்றும் நினைத்துவிட வேண்டாம். காலாட்படையை 1915 முடிவில் பிரான்சிலிருந்து எடுத்து மெசபடோமியாவுக்கு (இன்றைய இராக்) அனுப்பினார்கள். குதிரைப்படை 1918 வரை இருந்தது. அவர்கள் பிரெஞ்சுக் கிராமங்களில் தங்கினார்கள், அறுவடை பார்த்தார்கள், பெண்கள் தனியாகப் பண்ணை நடத்துவதைப் பார்த்தார்கள். இங்கே பெண்பிள்ளைகள் எல்லாரும் படித்திருக்கிறார்கள், நம் பெண்ணையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்று ஊருக்கு எழுதிய கடிதங்கள் பல உண்டு. படிப்பறிவில்லாத அப்பன், இன்னொருவர் கையால் இதை எழுதச் சொன்னதை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

1916 தொடக்கத்தில் ஒரு பஞ்சாபி முஸ்லிம் சிப்பாய், தான் தங்கியிருந்த வீட்டுக் கிழவியைப் பற்றி எழுதினார். மூன்று மாதம் அந்த அம்மா அவர் துணியைத் துவைத்து, படுக்கை விரித்து, காலையில் பாலும் ரொட்டியும் வெண்ணெயும் தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறாள். அவள் மகன் ஒருவன் போரில் இறந்தவன். சிப்பாய் கிளம்பும்போது அவர் தோளில் சாய்ந்து அழுது, கையில் ஐந்து பிராங்க் நோட்டைத் திணித்திருக்கிறாள். செத்துப்போன மகனுக்காக இவள் அழுது நான் பார்த்ததே இல்லை, எனக்காக அழுகிறாளே என்று ஆச்சரியப்படுகிறார். அம்மா இல்லாத இடத்தில் ஓர் அம்மா கிடைத்ததை ஊருக்குச் சொல்கிறார். இந்தக் கடிதம் யார் பயந்து எழுதியது? யாரை ஏமாற்ற எழுதியது? இதை நான் முழுசாக நம்புகிறேன்.

கடிதம் எழுதவும் வழியில்லாதவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கும் ஒரு தடயம் உண்டு. ஜெர்மானியரிடம் பிடிபட்ட இந்தியர்களில் பலரை பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டார்ஃப் ஊரில் ‘அரைப்பிறை முகாம்’ என்ற இடத்தில் வைத்தார்கள். மொழிகளைப் பதிவு செய்ய அங்கே வந்த அறிஞர்கள் கைதிகளை ஒலிப்பெட்டி முன் பேசச் சொன்னார்கள். 1916 டிசம்பர் 11-ம் தேதி மால் சிங் என்ற பஞ்சாபி வாலிபர் பேசினார். தன்னை ‘நான்’ என்று அவர் சொல்லவே இல்லை. ஒரு மனிதன் இருந்தான், இந்துஸ்தானத்தில் வெண்ணெய் சாப்பிட்டான், பால் குடித்தான், ஆங்கிலேயரிடம் வேலைக்குச் சேர்ந்து ஐரோப்பியப் போருக்கு வந்தான், ஜெர்மனி அவனைப் பிடித்துக்கொண்டது, அவன் இந்துஸ்தானத்துக்குத் திரும்ப ஆசைப்படுகிறான், திரும்பினால் அதே சாப்பாடு கிடைக்கும் என்று கதை போலச் சொல்லிப் போகிறார். பெர்லினில் இன்றும் அந்தக் குரல் இருக்கிறது. இதுவும் வீட்டுக்கு எழுதிய கடிதம்தான், முகவரி மட்டும் இல்லை.

கடைசியாக, தமிழ்ச் சிப்பாய்களின் கடிதங்கள் இந்தத் தொகுப்பில் இருக்குமா என்று தேட நினைப்பவர்களுக்கு. இந்தத் தொகுப்பு பிரான்சிலும் இங்கிலாந்திலும் இருந்தவர்களின் தபாலை மட்டும் சேர்ந்தது. மதராஸ் சாப்பர்ஸ் (பாலம், பாதை போடும் பொறியாளர் படை) போன்ற நம் பக்கத்துப் படைகள் முக்கியமாக மெசபடோமியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் வேலை பார்த்தன. எனவே லண்டன் கோப்பைவிட நம் வீட்டுப் பரண்தான் தேடத்தக்க இடம். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று பொறித்த கல்வெட்டுகள் இந்தியாவெங்கும் பல ஊர்களில் நிற்கின்றன. உங்கள் ஊரிலும் ஒன்று இருந்தால் அங்கே தொடங்குங்கள். டிரங்குப் பெட்டியில் பழைய தபால் எதுவும் அகப்பட்டால் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள களத் தபால் நிலைய எண்ணும் தணிக்கை முத்திரையும் அவர் எங்கே இருந்தார் என்பதை அறிய உதவும். பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்ட வேண்டாம். இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, கடிதத்தை வெள்ளைத் துணியில் சுற்றி வையுங்கள். எழுத்து மங்கியிருந்தால் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பென்சில் தடம் தெரியும்.